போகாதே என்று பிரிட்டனிடம் மல்லுக்கு நின்ற தீவு

நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ".ஏஐ என்று முடியும் இணைய முகவரி ஒன்றைத் தொழிலுக்காக வாங்கினேன். அது அங்குவிலா என்ற கரீபியன் தீவுக்குச் சொந்தமாம். அது தனி நாடா? யார் ஆள்கிறார்கள்? மக்கள் எதைச் செய்து பிழைக்கிறார்கள்? வெளியார் அங்கே நிலம் வாங்க முடியுமா?"

முதலில் பணத்துக்குப் பதில். இடையில் விற்பவர்கள் எடுத்துக்கொண்டது போக, நீங்கள் கட்டியதில் பெரும்பகுதி அங்குவிலா அரசின் கஜானாவுக்குப் போகிறது. அங்குவிலா தனி நாடு அல்ல. பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளில் ஒன்று. பழைய மொழியில் சொன்னால் காலனி. ஆனால் அது காலனியாக இருப்பது வேறு யாரும் கட்டாயப்படுத்தியதால் அல்ல. 1960களில் உலகமெங்கும் காலனிகள் பிரிட்டனிடமிருந்து விடுபட்டுக்கொண்டிருந்தபோது, "எங்களை விட்டுப் போகாதே" என்று கலகம் செய்த ஊர் இது. அந்தக் கலகம் நடக்காமல் போயிருந்தால் .ஏஐ என்ற முகவரியே இருந்திருக்காது. எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்; எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

கரீபியக் கடலின் கிழக்கு ஓரத்தில் வில்போல வளைந்து கிடக்கும் தீவு வரிசையின் வடமுனையில் இருக்கிறது அங்குவிலா. நீளம் சுமார் 26 கிலோமீட்டர், அகலம் மிஞ்சிப்போனால் 5 கிலோமீட்டர், பரப்பு 91 சதுர கிலோமீட்டர். ஒல்லியாக நெளிந்து கிடப்பதால் விலாங்கு மீனின் பெயரை ஐரோப்பியர் வைத்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்பு அங்கே வாழ்ந்த பழங்குடிகள் அதை மல்லியுஹானா என்று அழைத்ததாகச் சொல்வார்கள். ஃபவுன்டன் என்ற குகையில் நீர் சொட்டிச் சொட்டி வளர்ந்த பாறையில் அந்தப் பழங்குடிகள் செதுக்கிய தெய்வ முகம் இன்றும் இருக்கிறது.

அக்கம்பக்கத்துத் தீவுகள் பல எரிமலையால் எழுந்தவை. மலை, காடு, ஓடை எல்லாம் உண்டு. அங்குவிலா பவளச் சுண்ணாம்புப் பாறை. தலைநகருக்குப் பெயர் தி வேலி, அதாவது பள்ளத்தாக்கு. பெயரைக் கேட்டு மலைகளைத் தேடக்கூடாது. தீவின் மிக உயர்ந்த இடமான குரோக்கஸ் குன்றே எழுபது மீட்டர் அளவுதான். ஆறு ஒன்றுகூடக் கிடையாது. பெய்கிற கொஞ்சநஞ்ச மழையும் பாறைக்குள் இறங்கிவிடும். அதனால் கூரையில் விழும் நீரை வீட்டுக்கு அடியில் கட்டிய தொட்டியில் பிடித்து வைப்பது அங்கே பரம்பரை வழக்கம். நம் ஊரில் மழைநீர் சேகரிப்புக்குச் சட்டம் போட வேண்டியிருந்தது. அங்கே தொட்டி இல்லாமல் வீடு கட்ட யாருக்கும் தோன்றியிராது. இப்போது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இருக்கிறது.

1650இல் செயின்ட் கிட்ஸ் தீவிலிருந்து ஆங்கிலேயர்கள் வந்து குடியேறினார்கள். புகையிலை, பருத்தி, கரும்பு என்று ஒவ்வொன்றாகப் பயிரிட்டுப் பார்த்தார்கள். ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து உழைக்க வைத்தார்கள். ஆனாலும் மற்றத் தீவுகளைப்போலக் கரும்பு இங்கே கொழிக்கவில்லை. மண்ணின் ஆழம் போதவில்லை, மழையும் பொய்த்தது. 1834இல் அடிமை முறை ஒழிந்த காலத்தில் தோட்ட முதலாளிகள் பலர் நிலத்தை விற்றுவிட்டும் கைவிட்டும் கிளம்பிவிட்டார்கள். விடுதலை பெற்றவர்கள் அந்த நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கினார்கள். வேறு தீவுகளில் விடுதலை என்பது பெரும்பாலும் அடிமை கூலியாக மாறியதுதான். இங்கே அடிமையாக இருந்தவர் நிலச் சொந்தக்காரர் ஆனார். நிலம் வறண்டதுதான், ஆனால் அவருடையது.

கரீபியனில் தமிழர் என்றதும் குவாதலூப்பும் மார்த்தினிக்கும் நினைவுக்கு வரும். காரைக்கால், புதுச்சேரி வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இன்றும் மாரியம்மனுக்குப் படையல் இடுகிறார்கள். அங்குவிலாவுக்கு அப்படி ஒரு கதை இல்லை. கூலியாட்களைக் கொண்டுவந்து நிரப்பும் அளவுக்கு அங்கே கரும்புத் தோட்டமே இல்லை.

1840களில் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு ஒரு யோசனை வந்தது. பஞ்சத்தில் வாடும் இந்த மக்களை ஒட்டுமொத்தமாகத் தென் அமெரிக்கக் கரையில் இருந்த பிரிட்டிஷ் கயானாவுக்கு இடம்பெயர்த்துவிடலாம் என்றார்கள். மக்கள் மறுத்துவிட்டார்கள். தண்ணீர் இல்லாத ஊரை விட்டு நகர மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள் எதைச் செய்து வாழ்ந்தார்கள்? உப்பளம், மீன்பிடிப்பு, ஆடு வளர்ப்பு, படகு கட்டுவது. சாண்டி கிரவுண்ட் என்ற கடற்கரைக் கிராமத்தின் உப்பேரியில் விளைந்த உப்பு, டிரினிடாடின் எண்ணெய்த் தொழிலுக்குப் போனது. 1980களில் அந்த வியாபாரம் நின்றுவிட்டது. உப்பு ஆலை இருந்த கட்டடம் இன்று மதுக்கடை.

இவை போதாதபோது ஆண்கள் பாய்மரக் கப்பலேறி டொமினிக்கன் குடியரசின் கரும்பு வயல்களுக்கு வெட்டுக்கூலிகளாகப் போனார்கள். இப்படி ஆங்கிலம் பேசும் தீவுகளிலிருந்து வந்த கூலிகளை அங்கே 'கொகோலோ' என்று அழைத்தார்கள். வெட்டு முடிந்ததும் யார் கப்பல் முதலில் ஊர் சேருகிறது என்று போட்டி போட்டுக்கொண்டு திரும்பினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் தீவின் தேசிய விளையாட்டான படகுப் பந்தயம். கால்பந்தும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை, படகுப் பந்தயம். ஆகஸ்ட் முதல் வாரத்துத் திருவிழாவில் எந்த ஊர்ப் படகு வெல்லும் என்று நடக்கும் வாய்ச்சண்டை, ஜல்லிக்கட்டுக் காளையின் பெயரால் நம் கிராமங்களில் நடப்பதற்குக் குறைந்ததல்ல.

இனி கலகத்துக்கு வருகிறேன். நிர்வாகச் செலவைக் குறைக்க 1825இலேயே பிரிட்டன் அங்குவிலாவை செயின்ட் கிட்ஸுடன் முடிச்சுப் போட்டது. வரைபடத்தைப் பார்த்தால் இது எவ்வளவு அபத்தம் என்று புரியும். இரண்டுக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். நடுவே பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் ஆளும் தீவுகள். சாலை, மின்சாரம், மருத்துவம் எதுவானாலும் செயின்ட் கிட்ஸ் தலைநகர் பாஸ்டேரிடம் கையேந்த வேண்டும். 1960களிலும் அங்குவிலாவில் தார்ச்சாலை கிடையாது, பொது மின்சாரமும் கிடையாது.

1967 பிப்ரவரியில் செயின்ட் கிட்ஸ், நெவிஸ், அங்குவிலா மூன்றையும் ஒரே மாநிலமாக்கி உள்நாட்டு ஆட்சியை பாஸ்டேரில் ஒப்படைத்துவிட்டு பிரிட்டன் கைகழுவப் பார்த்தது. தலைவர் ராபர்ட் பிராட்ஷா. அவரை வில்லனாக மட்டும் காட்டுவது சரியல்ல. செயின்ட் கிட்ஸின் கரும்புத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டி, தோட்ட முதலாளிகளை எதிர்த்து நின்று மேலே வந்தவர் அவர். ஆனால் அவருடைய அரசியலின் அடித்தளமே கூலி, சங்கம், வேலைநிறுத்தம். அங்குவிலாவிலோ கூலியும் இல்லை, முதலாளியும் இல்லை. ஆளுக்கு ஒரு துண்டு நிலமும் ஒரு படகும் வைத்திருந்தவர்கள். அவர்களிடம் சங்க அரசியல் எடுபடவில்லை, அவர்கள் ஓட்டும் போடவில்லை. ஓட்டுப் போடாத ஊரை பிராட்ஷா கவனிக்கவும் இல்லை. அங்குவிலாவைப் பாலைவனமாக்குவேன் என்று அவர் சொன்னதாக அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். என் கணிப்பில் சண்டையின் வேர் அந்தப் பேச்சில் இல்லை, இரண்டு தீவுகளின் மண் வேறுபாட்டில் இருக்கிறது.

புதிய மாநிலத்தைக் கொண்டாட ஓர் அழகிப் போட்டி வைத்தார்கள். பிப்ரவரி 4 அன்று பள்ளிக்கூடத்தில் நடந்த அந்த விழா கலவரமாகி, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசும் அளவுக்குப் போனது. மே 30 அன்று ஊர்க்காரர்கள் திரண்டு, செயின்ட் கிட்ஸ் போலீஸ்காரர்கள் 13 பேரையும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இன்றும் மே 30 தான் அங்குவிலா தினம். ஜூன் 10 அன்று ஒரு சிறு கூட்டம் படகேறிப் போய் செயின்ட் கிட்ஸையே தாக்கப் பார்த்துத் தோற்றது. தற்காப்புக்கு இதுவே வழி என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்: நாம் முதலில் போனால் அவர்கள் வர மாட்டார்கள்! வேடிக்கை என்னவென்றால் அவர்கள் வரவும் இல்லை.

ஜூலை 11 அன்று வாக்கெடுப்பு. பிரிவதற்கு ஆதரவாக 1,813 பேர், எதிராக 5 பேர். ரொனால்ட் வெப்ஸ்டர் தலைவரானார். இளமையில் பக்கத்துத் தீவான செயின்ட் மார்ட்டினுக்கு வேலைக்குப் போய், முதலாளியின் சொத்துக்கு வாரிசாகி, பணக்காரராக ஊர் திரும்பியவர். பிரிட்டன் இழுத்தடித்ததால் 1969 பிப்ரவரியில் இன்னொரு வாக்கெடுப்பு நடத்திக் குடியரசு என்றே அறிவித்துவிட்டார்கள். மார்ச்சில் லண்டனிலிருந்து வில்லியம் விட்லாக் என்ற இளநிலை அமைச்சர் வந்து இறங்கினார். பிரிட்டிஷ் கொடியசைத்து, ராணிக்கு வாழ்த்துப் பாடி வரவேற்றார்கள். அவர் வெப்ஸ்டரை ஒரு பொருட்டாகவே நடத்தவில்லை. சில மணி நேரத்தில் அதே ஊர் அவரைத் துப்பாக்கி காட்டித் துரத்தியது.

லண்டனுக்குக் கோபம். அமெரிக்க மாஃபியா தீவைப் பிடித்துவிட்டது என்ற வதந்தியும் சேர்ந்துகொண்டது. மார்ச் 19 விடியற்காலையில் இரண்டு போர்க்கப்பல்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட பாராசூட் படைவீரர்கள், கூடவே லண்டன் போலீஸ்காரர்கள். மொத்த மக்கள்தொகையே ஆறாயிரம் அளவுதான். கரையில் அவர்களை எதிர்கொண்டது பத்திரிகையாளர்களின் கேமரா வெளிச்சம். ஒரு குண்டுகூட எதிர்த்துப் பாயவில்லை, மாஃபியாவும் அகப்படவில்லை. கியூபாவில் அமெரிக்கா மூக்குடைபட்ட பன்றிகள் விரிகுடாவை நினைவூட்டி, இதைப் 'பன்றிக்குட்டிகள் விரிகுடா' என்று உலகப் பத்திரிகைகள் கேலி செய்தன.

சிரிப்பு லண்டனுக்கு எதிராக இருந்தாலும் பலன் அங்குவிலாவுக்கு. படை வந்துவிட்டதால் தீவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பும் பிரிட்டனின் தலையில் விழுந்தது. ராணுவப் பொறியாளர்கள் சாலை போட்டார்கள், பள்ளிக் கட்டடம் கட்டினார்கள். 1971இல் பிரிட்டனின் நேரடி நிர்வாகம், 1976இல் சொந்த அரசியலமைப்பு, 1980 டிசம்பர் 19 அன்று சட்டப்படி முழுப் பிரிவு. மூன்றாண்டு கழித்து செயின்ட் கிட்ஸும் நெவிஸும் சுதந்திர நாடானபோது அங்குவிலா அதில் இல்லை. வெப்ஸ்டர் 2016இல் காலமானார். அவர் பெயரில் மார்ச் மாதத்தில் அரசு விடுமுறையே இருக்கிறது.

இப்போதைய ஆட்சி முறை எளிது. மன்னரின் பெயரால் லண்டன் அனுப்பும் ஆளுநர் ஒருவர். பாதுகாப்பு, வெளியுறவு, போலீஸ் ஆகியவை அவர் பொறுப்பு. மற்றவற்றைத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு கவனிக்கும். சட்டமன்றத்துக்கு 11 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: 7 பேர் தொகுதிவாரியாக, 4 பேர் தீவு முழுமைக்குமாக. 2019 வரை முதலமைச்சர் என்றிருந்த பதவிக்கு இப்போது பிரிமியர் என்று பெயர். 2025 பிப்ரவரித் தேர்தலில் வென்ற கோரா ரிச்சர்ட்சன் ஹாட்ஜ் அப்பதவிக்கு வந்த முதல் பெண்.

காகிதத்தில் இப்படி. தேவைப்பட்டால் லண்டன் நேரடியாகச் சட்டம் போடலாம் என்பதையும் மறக்கக்கூடாது. 1991இல் கொலைக்குற்றத்துக்கான மரண தண்டனையை நீக்கியதும், 2000இல் ஓரினச்சேர்க்கையைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்ததும் அப்படித்தான். இரண்டாவதற்கு உள்ளூர்த் தேவாலயங்களிடம் கடும் எதிர்ப்பு இருந்தது. வேண்டிக் கேட்டு வாங்கிய காலனி என்றாலும் எசமானுக்கும் ஊருக்கும் கருத்து ஒத்துப்போவதில்லை.

மக்கள்தொகை இன்று பதினாறாயிரம் அளவு. நம் ஊரில் ஒரு பேரூராட்சிக்குச் சமம். பெரும்பாலோர் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள், பேச்சு ஆங்கிலம், சமயம் கிறித்துவம். தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டினால் ஹாட்ஜ், ரிச்சர்ட்சன், வெப்ஸ்டர், கம்ப்ஸ், கானர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வரும். 2002 முதல் பிரிட்டிஷ் குடியுரிமையும் அவர்களுக்கு உண்டு. லண்டனுக்கு மேற்கே உள்ள ஸ்லவ் நகரில் அங்குவிலாக்காரர்கள் கணிசமாக வாழ்கிறார்கள்.

ஒலிம்பிக் குழுவில் அங்குவிலாவுக்கு இடமில்லை. அதனால் அங்கே பிறந்து வளர்ந்த ஸார்னல் ஹியூஸ் பிரிட்டனுக்காக ஓடுகிறார். 2023 உலகத் தடகளப் போட்டியில் 100 மீட்டரில் வெண்கலம் வென்றார். கிரிக்கெட் பிரியர்களுக்கு ஒரு பெயர்: ஓமாரி பேங்க்ஸ். டெஸ்ட் ஆடிய முதல் அங்குவிலாக்காரர். 2003இல் ஆன்டிகுவாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 418 ரன்களைத் துரத்தி மேற்கிந்தியத் தீவுகள் உலக சாதனை படைத்ததே, அதில் ஆட்டமிழக்காமல் 47 எடுத்துக் கடைசி வரை நின்றவர். அவருடைய தந்தை பேங்கி பேங்க்ஸ் தீவின் பெயர்பெற்ற ரெக்கே பாடகர். மகனும் பின்னால் மட்டையை வைத்துவிட்டுக் கிதாரை எடுத்துக்கொண்டார்.

பொருளாதாரம் என்றால் முதலில் சுற்றுலா. விவசாயத்துக்கு உதவாத அந்தச் சுண்ணாம்புப் பாறைதான் மாவுபோல வெளுத்த மணலைத் தந்தது. ஆறு இல்லாததால் கடலில் சேறு கலப்பதில்லை, நீர் கண்ணாடியாக இருக்கிறது. முந்நூறு வருடம் சாபமாக இருந்தது 1980களில் முதலீடாகிவிட்டது. கூட்டத்தை வரவழைக்காமல் கொஞ்சம் பேரிடம் நிறைய வாங்குவது என்று தீர்மானித்தார்கள். 1984இல் மல்லியுஹானா என்ற பழைய பெயரிலேயே முதல் பெரிய சொகுசு விடுதி திறந்தது. ராட்சதக் கப்பல்களில் ஆயிரக்கணக்கானோர் வந்து கொட்டும் சுற்றுலா இங்கே இல்லை. பயணிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர்கள். செயின்ட் மார்ட்டினில் இறங்கி, அரை மணிக்கும் குறைவான படகுப் பயணத்தில் வந்து சேருவதுதான் நெடுங்கால வழி. 2021 முதல் மயாமியிலிருந்து நேரடி விமானமும் உண்டு.

ஒற்றைத் தொழிலை நம்பியிருப்பதன் விலையையும் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். 2013இல் உள்ளூர் வங்கிகள் இரண்டும் தள்ளாடி, கிழக்குக் கரீபிய மத்திய வங்கி அவற்றைக் கையகப்படுத்த வேண்டியதாயிற்று. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் ஐந்தாம் வகை வேகத்தில் தாக்கியது. துறைமுகம், மருத்துவமனை, பள்ளிகள், மின்கம்பங்கள் எல்லாம் சேதம். மீட்டெடுக்க பிரிட்டன் 6 கோடி பவுண்டு ஒதுக்கியது. வருமான வரி இல்லாத ஊர் என்ற பெருமையும் சுருங்கி, 2022இல் 13 சதவீதப் பொருள், சேவை வரி வந்தது. மக்கள் முணுமுணுத்தார்கள்.

இந்த நெருக்கடிக்கு நடுவில்தான் .ஏஐ. நாடுகளுக்கும் பகுதிகளுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு கொடுக்கும் சர்வதேசப் பட்டியல் ஒன்று உண்டு. இணைய முகவரிகளின் வால் அதிலிருந்து வருகிறது. அங்குவிலாவுக்கு ஏஎன் பொருந்தியிருக்கும், அது டச்சு அண்டிலீசிடம் இருந்தது. ஏஜி ஆன்டிகுவாவிடம், ஏஎல் அல்பேனியாவிடம். ஏஐ என்பதும் ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சிப்பகுதி ஒன்றின் குறியீடு. 1977இல் அது ஜிபூட்டி என்ற பெயரில் சுதந்திரம் பெற்றதும் எழுத்து காலியானது. 1980இல் பிரிவினை சட்டமாகாமல் போயிருந்தால் அங்குவிலாவுக்குத் தனிக் குறியீடே கிடைத்திருக்காது. செயின்ட் கிட்ஸின் கேஎன் குறியீட்டுக்குள் அடங்கிப் போயிருக்கும். அந்த 13 போலீஸ்காரர்களை விமானமேற்றியதற்கு இப்போது வட்டி வருகிறது என்று சொன்னால் மிகையில்லை.

1995இல் .ஏஐ ஒதுக்கப்பட்டபோது அதைக் கவனித்துக்கொள்ள முன்வந்தவர் வின்ஸ் கேட் என்ற அமெரிக்கர். தீவில் குடியேறிய கணினிக்காரர். பல ஆண்டுகள் யாரும் பெரிதாகச் சீண்டவில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு நிலைமை தலைகீழானது. செயற்கை நுண்ணறிவின் ஆங்கிலச் சுருக்கமும் ஏஐ அல்லவா? இரண்டாண்டுக்கு 140 டாலர் என்ற கட்டணத்தில் 2023இல் மட்டும் அங்குவிலாவுக்குக் கிடைத்தது சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலர். 2024இல் 3.9 கோடி. அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். பதினாறாயிரம் பேர் உள்ள ஊருக்கு இது எத்தனை பெரிய தொகை என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். 2025 முதல் பதிவு வேலையை அமெரிக்க நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒரு புயல் எல்லாக் கணினிகளையும் அணைத்துவிடக்கூடிய தீவு என்பதால் இது அறிவான முடிவு. வாங்கியவர்கள் முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டால் வருமானம் சரியும். அதனால் விமான நிலைய விரிவாக்கம்போல நிலைத்து நிற்பவற்றில் போடுவதே நல்லது என்பது என் கருத்து.

இதில் ஒரு குறும்பும் உண்டு. தீவில் புழங்கும் கிழக்குக் கரீபியன் டாலரை (2.70 கொடுத்தால் ஒரு அமெரிக்க டாலர்) வெளியிடும் மத்திய வங்கியின் தலைமையகம் எங்கே என்று நினைக்கிறீர்கள்? செயின்ட் கிட்ஸின் பாஸ்டேர் நகரில்.

நிலம் வாங்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் கடையில் வாங்குவதுபோல முடியாது. வெளியார் நிலம் வைத்திருக்கத் தனி உரிமம் எடுக்க வேண்டும். அதற்கு அரசு ஒப்ப வேண்டும், வரியும் கட்ட வேண்டும். ஓட்டுரிமையெல்லாம் அங்குவிலாவோடு பிறப்பாலோ திருமணத்தாலோ நெடுங்கால வாசத்தாலோ உறவுள்ளவர்களுக்குத்தான். பெரிய விடுதிகள் பலவும் குத்தகை நிலத்தில் நிற்கின்றன. அடிமையாக இருந்த முப்பாட்டன் வாங்கிய துண்டு நிலத்தை விற்க பலருக்கு மனம் வருவதில்லை. வந்தாலும், பாகம் பிரிக்காத குடும்ப நிலமாக இருந்தால் ஸ்லவ் நகரிலிருக்கும் சித்தப்பா மக்களும் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.